ஒரு டீஸ்பூன் எண்ணெய்

மல்லாபூரில் புதிதாகக் குடியேறும் தமிழ்க் குடும்பத்துக்கு முதல் தெலுங்குப் பாடம் காய்கறி வண்டிக்காரரிடம்தான் நடக்கும். "கீரை இருக்கிறதா?" என்று கேட்டால் அவர் உற்சாகமாக ஒரு வெள்ளரிக்காயை எடுத்து நீட்டுவார். அங்கே கீரா என்றால் வெள்ளரி. நம் கீரைக்கு ஆகுகூர என்று பெயர்; அதிலும் பாலகூர, தோட்டகூர என்று இனம் பிரித்துக் கேட்க வேண்டும். பச்சடி என்ற சொல்லும் இப்படித்தான் காலை வாரிவிடும். தெலுங்கு வீட்டில் பச்சடி என்றால் நம் துவையல். நம் தயிர்ப் பச்சடி வேண்டுமானால் 'பெருகு பச்சடி' என்று தயிரையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

சாலட் என்ற சொல்லில் மட்டும் இந்தக் குழப்பம் இல்லை. எல்லா மொழிக்காரர்களும் ஒரே பொருளில்தான் புரிந்துகொள்கிறார்கள். அதாவது, ஒரே மாதிரி தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வட்ட வட்டமாக நறுக்கிய வெள்ளரி, தக்காளி, வெங்காயம், ஓரத்தில் ஒரு எலுமிச்சைத் துண்டு. திருமண விருந்தில் தட்டின் ஓரத்தில் வைத்து, கடைசியில் இலையோடு போய்ச் சேரும் அலங்காரம். இல்லையென்றால் டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னதும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதிலாக முகத்தைச் சுளித்துக்கொண்டு மெல்லும் தண்டனை. இந்த இரண்டாம் வகையினர் செய்யும் முதல் காரியம், எண்ணெயை அடியோடு விலக்குவது. "சாலட் சாப்பிடுவதே எண்ணெயைக் குறைக்கத்தானே?" என்று கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்கான பதில் மல்லாபூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், தார்நாக்காவில் இருக்கிறது. உஸ்மானியா பல்கலைக்கழகத்தை ஒட்டி அமைந்திருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு வகையில் நம் ஊர்க்காரர்தான். 1918-இல் நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடம் அது. 1958-இல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. 1969-இல் இன்றைய பெயரைப் பெற்றது. நம் நாட்டு அரிசி, பருப்பு, காய்களில் என்னென்ன சத்து எவ்வளவு என்று பட்டியல் போட்டு, மருத்துவக் கல்லூரி முதல் மனையியல் வகுப்பு வரை பாடமாக்கிய புத்தகம் இங்கிருந்து வந்ததுதான். அதன் முதன்மை ஆசிரியர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன்.

வைட்டமின் ஏ குறைபாட்டால் குழந்தைகள் பார்வை இழந்துகொண்டிருந்த காலம் அது. அந்த வைட்டமினாக உடலில் மாறும் பீட்டா கரோட்டின், கீரையிலும் கேரட்டிலும் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் கீரை சாப்பிட்டால் மட்டும் போதுமா? இந்த நிறுவனத்தைச் சேர்ந்த வினோதினி ரெட்டியும் உடன் பணியாற்றிய விஞ்ஞானிகளும் இதைக் குழந்தைகளிடம் சோதித்து, 1980-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் முடிவை வெளியிட்டார்கள். கொழுப்பு குறைந்த சாப்பாட்டோடு கீரை கொடுத்தார்கள். சிலருக்கு அதோடு 5 கிராம் கொழுப்பு, சிலருக்கு 10 கிராம். 5 கிராம் சேர்த்த குழந்தைகளின் ரத்தத்தில் வைட்டமின் ஏ நன்றாகக் கூடியது. 10 கிராமாக உயர்த்தியதில் கூடுதல் பலன் எதுவும் இல்லை.

5 கிராம் என்பது ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் எண்ணெய். அவ்வளவுதான் விஷயம்.

காரணம் எளிது. கரோட்டின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். உணவில் கொழுப்பு இருந்தால்தான் பித்தநீர் அதை நுண்ணிய துளிகளாக உடைத்து, கரோட்டினையும் ஏற்றிக்கொண்டு குடல் சுவரைக் கடக்க உதவும். கொழுப்பு இல்லாவிட்டால் கரோட்டினில் பெரும்பகுதி வந்த வழியே வெளியே போய்விடும். 2004-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இதைச் சாலடிலேயே பார்த்தார்கள். பசலை, லெட்டூஸ், தக்காளி, கேரட் கலந்த சாலடைப் பெரியவர்களுக்குக் கொடுத்தார்கள். மேலே ஊற்றிய கலவையில் ஒரு முறை எண்ணெயே இல்லை; ஒரு முறை 6 கிராம்; ஒரு முறை 28 கிராம். எண்ணெய் இல்லாதபோது ரத்தத்தில் கரோட்டின் வகைகள் ஏறவே இல்லை என்று சொல்லலாம். 6 கிராமில் ஏறியது. 28 கிராமில் இன்னும் அதிகம் ஏறியது.

அதற்காக 28 கிராம் ஊற்றிவிடாதீர்கள். தார்நாக்கா நிறுவனத்தின் உணவு வழிகாட்டி, 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு நாள் முழுவதற்கும் ஒதுக்கும் எண்ணெய் 27 கிராம்தான். தாளிப்பு, பொரியல், தோசை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஆகவே சாலடுக்கு ஆளுக்கு ஒரு டீஸ்பூன். அதன் கலோரி சுமார் 45. இரண்டு பிஸ்கட் சாப்பிட்டால் அதைத் தாண்டிவிடுவோம். மதியம் நெய் விட்ட பருப்பு சாதத்தோடு கேரட்டைக் கடித்தால் அந்த நெய்யே போதும், தனியாக எண்ணெய் வேண்டாம். ராத்திரி வெறும் சாலட் மட்டும் சாப்பிட்டுப் படுக்கிறவர்களுக்குத்தான் இந்த டீஸ்பூன் கட்டாயம். அவர்கள்தான் அதை விலக்குகிறவர்களும்.

நம் பாட்டிமார்களுக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் தெரியாது. ஆனால் ராமநவமியன்று நீர்மோர், பானகத்தோடு வரும் கோசுமல்லியை நினைத்துப் பாருங்கள். ஊறிய பயத்தம்பருப்பு, வெள்ளரி, கேரட் துருவல், எலுமிச்சை, உப்பு. மேலே கடுகும் பெருங்காயமும் பொரிந்த ஒரு கரண்டித் தாளிப்பு. சாலடுக்கு வேண்டிய புளிப்பு, உப்பு, எண்ணெய் மூன்றும் அதில் இருக்கின்றன. கன்னடர்கள் இதையே கோசம்பரி என்கிறார்கள். மராட்டியர்களின் கோஷிம்பீரில் வறுத்த வேர்க்கடலைப் பொடி சேர்கிறது; எண்ணெயை அந்தக் கடலையே கொண்டுவருகிறது. ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் ராமநவமிக்கு வடப்பப்பு உண்டு. ஹைதராபாத் பிரியாணிக் கடைகள் தரும் கச்சும்பரில் மட்டும் எண்ணெய் கிடையாது. அது பிரியாணியிலேயே தேவைக்கு மேல் இருப்பதால் யாரும் கவலைப்படுவதில்லை. சாலட் என்ற சொல்லே உப்பு எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வெட்டிய காயில் உப்பும் எண்ணெயும் புளிப்பும் சேர்ந்தால்தான் அது சாலட். அந்த மூன்றும் கலந்த கலவையைத்தான் ஆங்கிலத்தில் டிரெஸ்ஸிங் என்கிறார்கள்.

அதை வீட்டில் செய்ய ஐந்து நிமிடம் போதும். மூடி உள்ள ஒரு சின்னப் பாட்டில் இருந்தால் மிக்சி, முட்டை அடிக்கும் கருவி எதுவும் வேண்டாம்.

நான்கு பேருக்கு அளவு: கால் டீஸ்பூன் கடுகுப் பொடியை ஒரு டீஸ்பூன் தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். கடுகின் காரம் அதற்குள் தயாராக இருப்பதல்ல. உடைத்த கடுகில் தண்ணீர் பட்டதும் அதிலுள்ள ஓர் என்சைம் வேலை செய்து காரத்தை உண்டாக்குகிறது. எலுமிச்சையை முதலிலேயே ஊற்றினால் அந்த என்சைம் மந்தமாகி, கடுகு வெறும் கசப்பாக நின்றுவிடும். பத்து நிமிடம் ஆனபின் இரண்டு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக உப்பு, பொடித்த மிளகு ஒரு சிட்டிகை, தேன் அல்லது வெல்லத்தூள் கால் டீஸ்பூன் சேர்த்துக் கரையுங்கள். உப்பை இந்தக் கட்டத்திலேயே கரைத்துவிட வேண்டும். எண்ணெயில் உப்பு கரையாது. கடைசியில் போட்டால் பல்லில் நறநறக்கும். பிறகு நான்கு டீஸ்பூன் எண்ணெய் ஊற்றி, மூடியை இறுக்கி, அரை நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். தனித்தனியாக நின்ற எண்ணெயும் சாறும் கெட்டியான மஞ்சள் நிறக் கலவையாகச் சேர்ந்துவிடும். சேர்த்துப் பிடிப்பது கடுகுதான். அதன் தோலில் இருக்கும் கொழகொழப்பு எண்ணெய்த் துளிகள் மீண்டும் ஒன்றுகூடாமல் தடுக்கிறது.

பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு எண்ணெய் என்பார்கள். நமக்கு இரண்டு பங்கே போதும். புளிப்பு நாக்கு நம்முடையது. ஆலிவ் எண்ணெயைத் தேடி அலைய வேண்டாம். செக்கு நல்லெண்ணெய் மணமாக இருக்கும். அந்த மணம் பிடிக்காதவர்கள் கடலை எண்ணெய் ஊற்றலாம். தக்காணத்தில் நெடுங்காலமாகப் பயிராகும் குசும்பா எண்ணெய்க்குத் தனி வாசனை குறைவு. வங்காளத்தில் இருக்கும் தமிழர்கள் கடுகெண்ணெய் ஊற்றினால் கடுகுப் பொடியை விட்டுவிடலாம்; ஆனால் கலவை விரைவில் பிரியும், பரிமாறும்போது இன்னொரு முறை குலுக்க வேண்டும். எண்ணெயே கண்ணில் படக்கூடாது என்று அடம்பிடிப்பவர்களுக்கு, ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையைக் கரகரப்பாகப் பொடித்துத் தூவுங்கள். எண்ணெய் உள்ளே போவது அவர்களுக்குத் தெரியாது.

கடைப் பாட்டில்களைப் பற்றி ஒரு வார்த்தை. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸ், நம் ஊர் வெயிலில் வெளியே வைத்தால் சால்மோனெல்லா கிருமிக்கு நல்ல வீடு. உணவு நஞ்சான சம்பவங்களைத் தொடர்ந்து தெலங்கானா அரசு 2024 அக்டோபர் 30 முதல் பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை விதித்தது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடும் அதேபோல் ஓராண்டுத் தடை விதித்தது. முட்டை இல்லாமலும் விற்கிறார்களே என்றால், லேபிளைப் படியுங்கள். 'கொழுப்பே இல்லாதது' என்று பெருமையாக அச்சிட்ட டிரெஸ்ஸிங், அயோவா சோதனையின் முதல் கிண்ணத்தைத்தான் உங்களுக்குத் தருகிறது. வெறும் பாட்டிலை உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, வேண்டும்போது வேண்டிய அளவு கலக்கிக்கொள்வதே உத்தமம்.

எண்ணெய்ப் பிரச்சினை தீர்ந்தது. தண்ணீர்ப் பிரச்சினை அதைவிடப் பெரிது.

மல்லாபூருக்குத் தெற்கே, உப்பலைத் தாண்டினால் மூசி ஆறு. விகாராபாத் பக்கம் அனந்தகிரிக் குன்றுகளில் சுத்தமாகப் பிறக்கும் அந்த ஆறு, ஹைதராபாத்தைக் கடக்கும்போது நகரத்தின் கழிவுநீரை வாங்கிக்கொண்டு நாகோல், பீர்ஜாதிகுடா வழியாகக் கிழக்கே போகிறது. அந்த நீரை நம்பி அங்கே மாட்டுத் தீவனப் புல்லும் நெல்லும் கீரையும் விளைந்து வந்திருக்கின்றன. வேறு தண்ணீர் இல்லாத விவசாயி என்ன செய்வார்? அதற்கான விலையை முதலில் கொடுப்பவரும் அவர்தான். ஹைதராபாத்தை ஒட்டிய இந்தக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு 2008-இல் வெளிவந்தது. சுத்திகரிக்காத கழிவுநீரில் பாடுபடும் குடும்பங்களுக்குக் கொக்கிப்புழு தொற்றும் ஆபத்து கூடுதலாக இருந்ததை அது காட்டியது.

"அப்படியானால் அந்தப் பக்கத்துக் காய் வேண்டாம்" என்று ஒதுக்கினால் தப்பிவிடலாமா? பாகிஸ்தானில் பைசலாபாத் நகரில் 2007-இல் வெளியான ஓர் ஆய்வு வேறு கதை சொல்கிறது. கழிவுநீரில் விளைந்த காய்களை வயலிலும் எடுத்துச் சோதித்தார்கள்; சந்தையிலும் எடுத்துச் சோதித்தார்கள். சந்தையில் எடுத்தவற்றில்தான் அசுத்தம் அதிகம். தரையில் கொட்டுவது, அழுக்குத் தண்ணீர் தெளிப்பது, கைமாறுவது எல்லாம் சேர்ந்து வயலை விஞ்சிவிட்டன. எந்த ஊர்க் காயாக இருந்தாலும், குஷாய்குடா ரைத்து பஜாரில் விவசாயியிடமே வாங்கியதாக இருந்தாலும், வீட்டுக் குழாயடியில்தான் அது சாப்பிடத் தகுந்ததாகிறது.

இங்கே ஒரு பழைய பயத்தையும் சரிசெய்ய வேண்டும். முட்டைக்கோஸில் இருக்கும் புழு மூளைக்குள் போய்விடும் என்று பலர் கோஸையே விட்டுவிட்டார்கள். கோஸைத் தின்னும் பச்சைப் புழுவுக்கும் மூளைக்கும் சம்பந்தமே இல்லை. மூளைக்குப் போவது நாடாப்புழு. அதன் முட்டைகள் மனித மலத்தின் வழியாக மண்ணிலும் நீரிலும் கலந்து, காய் மீதோ கை மீதோ ஒட்டிக்கொண்டு வாய்க்கு வருகின்றன. அதனால்தான் பன்றி இறைச்சியைத் தொடாத சுத்த சைவர்களுக்கும் அந்த வலிப்பு நோய் வருகிறது. கோஸுக்குப் பயந்து பலன் இல்லை. கழுவாமல் தின்பதற்குத்தான் பயப்பட வேண்டும்.

கழுவும் முறைக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காயை நறுக்குவதற்கு முன் கழுவ வேண்டும். நறுக்கியபின் கழுவினால் கத்தி அழுக்கை உள்ளே கொண்டுபோயிருக்கும், வைட்டமின் சி தண்ணீரோடு போயிருக்கும். ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுவதுதான் அடிப்படை. உப்பு, மஞ்சள் கரைத்த நீரில் ஊறவைப்பது மேலே ஒட்டிய மண்ணையும் மருந்தையும் ஓரளவு இளக்கும். கிருமியைக் கொன்றுவிடும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. கடைசியாகக் காய்ச்சி ஆறிய நீரில் ஒரு முறை அலசுங்கள். வெள்ளரி, கேரட், முள்ளங்கியைத் தோல் சீவுங்கள். கோஸின் வெளி இலைகள் இரண்டு மூன்றை எறிந்துவிட்டு மற்றவற்றை இலை இலையாகப் பிரித்துக் கழுவுங்கள். கொத்தமல்லியின் வேரை வெட்டிவிட்டு, அகலப் பாத்திரத்தில் தண்ணீரை மாற்றி மாற்றி, அடியில் மண் நிற்காதவரை அலசுங்கள். மழைக்காலத்தில் பாலகூரவையும் தோட்டகூரவையும் பச்சையாகத் தின்ன வேண்டாம். வேகவைத்துத் தாளித்தால் அவற்றின் கரோட்டின் எங்கும் போய்விடாது. கர்ப்பிணிகளும் நோயிலிருந்து தேறுபவர்களும் தோல் சீவக்கூடிய காய்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இனி கலக்க வேண்டியதுதான். ஒரு பெரிய வெள்ளரி, இரண்டு கேரட், கெட்டியான தக்காளி இரண்டு, ஒரு வெங்காயம், ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்த பயத்தம்பருப்பு மூன்று மேசைக்கரண்டி, ஒரு பிடி கொத்தமல்லி. கேரட்டை மெல்லிய துருவியில் துருவுங்கள். பச்சைக் கேரட்டின் கரோட்டின் கெட்டியான செல் சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. எவ்வளவு மெலிதாகத் துருவுகிறோமோ அவ்வளவு வெளிப்படும். டெல்லிப் பக்கத்தில் குளிர்காலத்தில் வரும் சிவப்புக் கேரட்டின் நிறம் லைகோபீன். தக்காளியின் சிவப்பும் அதுதான். அதற்கும் எண்ணெய் வேண்டும். வெள்ளரியைத் துண்டாக்கி, ஒரு சிட்டிகை உப்புத் தூவி வடிதட்டில் பத்து நிமிடம் வையுங்கள். உப்பு இழுத்துவிடும் தண்ணீர் அங்கேயே வடிந்துவிடும். இல்லாவிட்டால் அது கிண்ணத்தில் தேங்கி, உங்கள் கலவையைக் கரைத்து ரசமாக்கிவிடும். வெங்காயத்தைக் குளிர்ந்த நீரில் அலசினால் காரம் தணியும். தக்காளியின் விதைச் சதையை ரசத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். எல்லாவற்றையும் சுத்தமான துணியில் ஒற்றி ஈரம் எடுங்கள். ஈரத்தின் மேல் எண்ணெய் ஒட்டாது.

டிரெஸ்ஸிங்கை மேசைக்குப் போகும் நிமிடத்தில் ஊற்றுங்கள், முன்னால் வேண்டாம். அதிலுள்ள எலுமிச்சைக்கு இன்னொரு வேலையும் உண்டு. பயத்தம்பருப்பில் இருக்கும் இரும்புச் சத்தை உடல் எளிதில் ஏற்காது. வைட்டமின் சி கூட இருந்தால் ஏற்கும். ரத்த சோகை உள்ள பெண்கள் நிறைந்த நாட்டில் அரை எலுமிச்சை சின்ன விஷயமல்ல. மிச்சத்தைப் பிரிட்ஜில் வைத்து மறுநாள் சாப்பிடும் சமாசாரம் இது அல்ல. வேண்டிய அளவு மட்டும் செய்து அப்போதே தீர்த்துவிடுங்கள்.

தார்நாக்கா நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி, ஒருவர் நாளொன்றுக்குக் கீரை உட்பட 400 கிராம் காய்கறி சாப்பிட வேண்டும் என்கிறது. சாம்பாரில் மிதக்கும் இரண்டு முருங்கைத் துண்டும் ஒரு கரண்டிப் பொரியலும் சேர்ந்து அதை எட்டுவதில்லை. இந்தச் சாலட் ஒரு கிண்ணம் அதில் கால் பங்கை ஈடுகட்டும். ஆனால் ஒரு நிபந்தனை. சமைத்தவர் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும்போது கிண்ணத்தில் இருப்பது தண்ணீரும் வெங்காயமும்தான் என்றால், இந்தக் கணக்கு அவருக்குப் பொருந்தாது. நான்கு கிண்ணத்தில் பங்கிட்டபின் ஊற்றுங்கள், ஆளுக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய் வருகிற மாதிரி. நான்காவது கிண்ணம் உங்களுடையது.